இரண்டாம் எண் டயர்

டிசி-8 விமானத்தின் வயிற்றுக்கடியில் இடப்பக்கம் நான்கு, வலப்பக்கம் நான்கு என எட்டுப் பெரிய சக்கரங்கள். மூக்குக்கடியில் ஒரு சிறிய ஜோடி உண்டு. அதன் வேலை வேறு. எட்டுக்கும் எண் கொடுத்திருப்பார்கள். இடப்பக்கத்தில் ஒரே அச்சில் அருகருகே உருள்பவை ஒன்றும் இரண்டும். ஒன்று தளர்ந்தால் அதன் பாரத்தை மற்றது வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்காகத்தான் ஜோடியாக வைத்தார்கள். 1991 ஜூலை 11 அன்று ஜித்தாவில் ஒரு டிசி-8 விமானத்துக்கு நடந்ததெல்லாம் அந்த ஜோடிக்கு நடுவில் தொடங்கியது.

அந்த விமானம் டிசி-8-61 என்ற நீண்ட உடல் கொண்ட வகை. முழு எடையில் 147 டன் வரை தூக்கும். மூக்குச் சக்கரங்களின் பங்கைக் கழித்துவிட்டு எட்டால் வகுத்தால், டயர் ஒன்றுக்குப் பதினேழு டன் வருகிறது. சரக்கு ஏற்றிய இரண்டு அச்சு லாரியின் மொத்த எடையைக் கிட்டத்தட்ட ஒரே டயர் சுமக்கிறது. அதுவும் மணிக்கு இருநூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில்.

இப்படிச் சுமப்பதற்கென்றே விமான டயரைச் செய்கிறார்கள். உள்ளே நைலான் நூல் பாவிய அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக, குறுக்கும் மறுக்குமாக ஓடும். ஓரங்களில் எஃகுக் கம்பி வளையங்கள் அந்த அடுக்குகளை விளிம்போடு இறுக்கிப் பிடிக்கும். மேலே ரப்பர். இந்த ரப்பரில் பெரும்பங்கு இயற்கை ரப்பர்தான். மடங்கி நிமிரும்போது செயற்கை ரப்பரைவிட அது குறைவாகச் சூடாகும் என்பதால் விமான டயருக்கு இன்றும் அதற்கு ஈடு கிடைக்கவில்லை. மலாயாத் தோட்டங்களில் விடியுமுன் நெற்றி விளக்கோடு போய் ரப்பர் மரம் சீவிய நம்மவர்கள் அதைப் ‘பால்மரம்’ என்றார்கள். அந்த மரத்தின் பால் கடைசியில் எங்கெல்லாம் போய் உருள்கிறது என்று நினைக்கும்போது எனக்கு அந்தச் சொல் இன்னும் கனமாகத் தெரிகிறது.

விமான டயருக்கு ஒரு பிறவி மட்டும் இல்லை. தரை தொடும் ரப்பர் தேய்ந்ததும் கழற்றி, பழையதைச் சுரண்டி, புது ரப்பர் ஏற்றி மறுபடி ஓட்டத்துக்கு அனுப்புவார்கள். உடல் நன்றாக இருந்தால் பல முறை இப்படிப் பிறக்கும். மேல்தோல் தேய்வதால் டயருக்கு ஆபத்து அரிது. உள்ளே நூலும் ரப்பரும் ஒன்றையொன்று விட்டுவிலகுவதுதான் அதன் சாவு. அப்படி விலக வைப்பது சூடு. சூட்டை உண்டாக்குவது, பெரும்பாலும், காற்றுக் குறைவு.

காற்று என்கிறோம், பழக்கத்தில். பெரிய ஜெட் விமானத்தின் டயருக்குள் இருப்பது நைட்ரஜன். சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டு அளவிலான அழுத்தம். காரின் டயரில் முப்பது சொச்சம்தான். ஏன் சாதாரணக் காற்றை அடைப்பதில்லை என்பதற்கு ஒரு பெரிய விலை கொடுத்தாகிவிட்டது. 1986 மார்ச் 31 அன்று மெக்ஸிகோ நகரத்திலிருந்து கிளம்பிய மெக்ஸிகானா நிறுவனத்தின் போயிங் 727 விமானத்தில் ஒரு சக்கரத்தின் பிரேக் விடாமல் உரசிச் சூடேறியிருந்தது. அந்த டயரில் நைட்ரஜனுக்குப் பதிலாகக் காற்றை நிரப்பியிருந்தார்கள். சக்கரம் மடங்கி உள்ளே போனபின், சூட்டில் காற்றின் ஆக்ஸிஜனும் ரப்பரிலிருந்து கிளம்பிய வாயுவும் சேர்ந்து டயர் வெடித்தது. எரிபொருள் குழாயும் ஹைட்ராலிக் குழாயும் அறுந்து, தீப்பிடித்து, விமானம் மலையில் விழுந்தது. 167 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. மறுவருடம் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் ஆணையிட்டது: பிரேக் உள்ள சக்கரங்களுக்கு நைட்ரஜன்தான், உள்ளே ஆக்ஸிஜன் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

இதை இங்கே சொல்லக் காரணம் இருக்கிறது. ஜித்தாவில் அந்த டிசி-8-ஐக் கவனித்த மெக்கானிக்குக்குத் தேவைப்பட்டதும் நைட்ரஜன்தான். பக்கத்தில் இருக்கும் கம்ப்ரஸரை இழுத்துவந்து அடித்துவிட முடியாது.

எந்த டயரும் கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு விட்டுக்கொண்டே இருக்கும். நல்ல டயரே ஒரு நாளைக்கு 5 சதவீதம் வரை அழுத்தம் இழக்கலாம் என்று தயாரிப்பாளர்களே கணக்கு வைத்திருக்கிறார்கள். அதனால்தான் தினமும், டயர் ஆறிய பிறகு, கேஜ் வைத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். கொஞ்சம் குறைந்தால் நிரப்பலாம். 90 சதவீதத்துக்குக் கீழே போனால் அந்த டயரைக் கழற்றிவிட வேண்டும். 80-க்குக் கீழே போய் உருண்டிருந்தால் அதை மட்டும் கழற்றினால் போதாது, அதே அச்சில் இருக்கும் ஜோடி டயரையும் சேர்த்துக் கழற்ற வேண்டும். இந்தக் கடைசி விதியில்தான் விஷயம் அடங்கியிருக்கிறது. இளைத்தவன் சும்மா இருக்கும்போது பக்கத்தில் இருப்பவன் இரட்டைச் சுமை சுமந்திருக்கிறான். வெளியே காயம் தெரியாவிட்டாலும் உள்ளே நொந்து போயிருப்பான்.

கண்ணால் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. சைக்கிள் டயரில் காற்றுக் குறைந்தால் தரையில் பரந்து உட்கார்ந்துவிடும், குழந்தைக்கும் தெரியும். ஜோடி டயரில் அப்படித் தெரியாது, பக்கத்து டயர் தூக்கிப் பிடித்துக்கொள்ளும். நம் ஊர் லாரி கிளீனர்கள் இதை அறிவார்கள். டீக்கடை வாசலில் வண்டி நின்றதும் இரும்புத் தடியோடு இறங்கி, பின்சக்கரங்களை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போவார்கள். கணீரென்று எகிறினால் சரி. ‘தொப்’ என்றால், “உள் டயர்ல காத்து கம்மி அண்ணே.” அதற்குப் பிறகு எந்த டிரைவரும் வண்டியை எடுப்பதில்லை, சுமை எவ்வளவு அவசரமானதாக இருந்தாலும்.

விமானம் கனடாவின் நேஷன்ஏர் நிறுவனத்துக்குச் சொந்தமானது. மாண்ட்ரியலைத் தளமாகக் கொண்ட வாடகை விமான நிறுவனம் அது. அந்த வருடத்து ஹஜ் பருவத்துக்காக, விமானிகளும் பணியாளர்களும் சேர்த்தே, நைஜீரியா ஏர்வேஸ் சார்பில் வாடகைக்கு எடுக்கப்பட்டிருந்தது. ஹஜ் கடமைகள் ஜூன் கடைசி வாரத்தில் முடிந்திருந்தன. ஜூலையில் எல்லோரும் வீடு திரும்பும் நெரிசல். ஒரு பயணம் பிந்தினால் அடுத்தது பிந்தும், அதற்கு அடுத்ததும் பிந்தும். ஹாஜிகளைக் கூப்பிட விமான நிலையத்துக்குக் குடும்பம் குடும்பமாகப் போய், மாலையும் கையுமாகக் காத்திருந்தவர்கள் யாருக்கும் அந்தப் பருவத்தின் பரபரப்பைச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த ஓட்டத்தில் எப்போதோ இரண்டாம் எண் டயரும், நான்காம் எண் டயரும் மூச்சு இழந்தன. தலைமை மெக்கானிக் கண்டுபிடித்துவிட்டார். ஜூலை 7-ஆம் தேதியிலிருந்தே அவருக்கு அது தெரியும் என்று விசாரணை சொல்கிறது. நான்கு நாள். அந்த நான்கு நாளும் விமானம் பறந்துகொண்டுதான் இருந்தது. புறப்படுவதற்கான குறைந்தபட்ச அளவுக்குக் கீழே அழுத்தம் இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது, நிரப்ப முயன்றார், நைட்ரஜன் உடனே கிடைக்கவில்லை. தேடிக் கொண்டுவர நேரம் ஆகும். அந்த நேரத்தைக் கொடுக்கும் அதிகாரம் அவரிடம் இல்லை. அது அந்த ஒப்பந்தப் பணியை மேற்பார்த்த மேலாளரிடம் இருந்தது. விமானம் ஏற்கெனவே தாமதத்தில் இருக்கிறது, இனித் தாமதம் ஆகக்கூடாது என்றார் மேலாளர். டயர் பற்றி முடிவெடுக்கத் தேவையான பயிற்சி அவருக்கு இல்லை. விமானம் பறக்கத் தகுந்தது என்று ஏட்டில் பதிவானது.

அந்த மெக்கானிக்கின் இடத்தில் என்னை வைத்துப் பலமுறை யோசித்திருக்கிறேன். கேஜின் முள் காட்டியதை அவர் கண்ணால் பார்த்தார். தொழில் தெரிந்தவர், அது என்ன என்று அவருக்குப் புரிந்தது. அவர் சொன்னார். சொல்லைக் கேட்டவருக்கு அந்த முள்ளின் மொழி தெரியாது, கடிகாரத்தின் மொழி தெரியும். அந்த அறையில் மெக்கானிக்கின் குரலைவிடக் கடிகாரத்தின் குரல் உரக்க ஒலித்தது. இன்றைக்கும் எத்தனை பட்டறைகளில், எத்தனை ஆலைகளில் இதே காட்சி நடக்கிறது என்பதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. ஒரு சிலிண்டர் நைட்ரஜனும் சில மணி நேரமும்தான் இடையில் இருந்தவை.

ஜூலை 11, வியாழக்கிழமை. 247 ஹஜ் பயணிகள், 14 பணியாளர்கள். போக வேண்டிய இடம் நைஜீரியாவின் வடமேற்கில் சொகோட்டோ. செங்கடலைத் தாண்டி ஆப்பிரிக்காவின் குறுக்கே நீளும் வழி, டாங்கு நிறைய எரிபொருள். காலையில் விமானம் நின்ற இடத்திலிருந்து அசைந்தது. ஜித்தாவின் மன்னர் அப்துல் அஜீஸ் விமான நிலையம் பரந்து கிடப்பது. ஓடுதளத்தின் முனைக்குப் போக சுமார் 5 கிலோமீட்டர் ஊர வேண்டியிருந்தது.

அந்த ஐந்து கிலோமீட்டரில்தான் டயர் செத்தது, பார்த்தவர் யாரும் இல்லாமல். ஒரு கம்பியை எடுத்து முன்னும் பின்னுமாக நாலைந்து தரம் வளைத்துவிட்டு, வளைந்த இடத்தைத் தொட்டால் விரல் சுடும். டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் தரைக்கு வரும்போது மடங்கி, மேலே போகும்போது நிமிர்கிறது. காற்று சரியாக இருந்தால் அந்த மடங்கல் கொஞ்சம். டயர் அதைத் தாங்கிக்கொள்ளும். இரண்டாம் எண்ணில் காற்றுக் குறைந்திருந்ததால் அது தன் பாரத்தை ஏற்க மறுத்துச் சப்பிப் போனது. அதன் பங்கு முழுதும் ஒன்றாம் எண்ணின்மேல் சாய்ந்தது. ஒன்றாம் எண்ணில் காற்று இருந்தது, ஆனால் இரண்டு டயரின் பாரத்தை ஒரே டயர் சுமக்கும்போது அதுவும் அளவுக்கு மீறி மடங்கும். ரப்பர் சூட்டை எளிதில் வெளியே விடாத பொருள். சுற்றுக்குச் சுற்று உள்ளே சூடு சேர்ந்தது. நைலான் நூல்கள் வலுவிழந்தன, ரப்பர் அவற்றைப் பிடித்திருந்த பிடியைத் தளர்த்தியது. விமானம் ஓடுதளத்தின் முனையில் திரும்பி நின்றபோது, வெளியிலிருந்து பார்த்தால் எட்டுச் சக்கரமும் எட்டுச் சக்கரமாகத்தான் இருந்திருக்கும்.

ஓட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே ஒன்றாம் எண் டயர் வெடித்தது. அடுத்த கணமே இரண்டாம் எண்ணும். விமானி அறையில் ஒரு விநோதமான ஒலியும் அதிர்வும் எழுந்தன. டயர் போய்விட்டதோ என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். வேகம் இன்னும் அதிகம் ஏறவில்லை, நிறுத்தியிருக்க முடியும். ஆனால் டயர் போவது அவர்கள் கண்ணில் தரையிறங்கும்போது சமாளிக்க வேண்டிய ஒரு தொல்லை. டயர் போனால் தீப்பிடிக்கும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. ஓட்டம் தொடர்ந்தது.

கீழே, இரண்டாம் எண் சக்கரம் சுழல்வதை நிறுத்திவிட்டது. ஏன் நின்றது என்பதை விசாரணையாலும் உறுதியாக நிறுவ முடியவில்லை. சுழலாத சக்கரத்தை ஓடுதளத்தின்மேல் தேய்த்துக்கொண்டு போனால் என்ன ஆகும்? சாணைக்கல்லில் அரிவாளை வைத்தால் பறக்கும் பொறியைப் பார்த்திருப்பீர்கள். ரப்பர் கிழிந்து, சக்கரத்தின் உலோகமும் பிரேக்கும் தரையில் உரசி, சூடு ஏறி, எஞ்சிய ரப்பர் பற்றிக்கொண்டது. எரியும் ரப்பர் எளிதில் அணையாது.

விமானம் மேலெழும்பியது. வழக்கம்போல சக்கரங்களை உள்ளே இழுத்தார்கள், கதவுகள் மூடிக்கொண்டன.

இரண்டாம் எண் டயரின் கதையில் என்னால் திரும்பத் திரும்பக் கடக்க முடியாத இடம் இது. வெளியே தொங்கிக்கொண்டிருந்திருந்தால் காற்றில் எரிந்து தீர்ந்திருக்கலாம், அல்லது திரும்பி வந்து இறங்கும்வரை வெளியிலேயே எரிந்திருக்கலாம். டிசி-8-இன் சக்கரக் கூட்டுக்குள் தீ எச்சரிக்கைக் கருவி இல்லை. நெருப்பைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டதை விமானிகளுக்குச் சொல்ல எந்த விளக்கும் எரியவில்லை. அந்தக் கூட்டுக்குள்தான் ஹைட்ராலிக் குழாய்களும் மின்கம்பிகளும் ஓடுகின்றன. மேலே பயணிகளின் தளம். பக்கத்தில் எரிபொருள்.

முதலில் வந்த அறிகுறி, உள்ளழுத்தம் சரியாக ஏறவில்லை என்பது. அதைத்தான் அவர்கள் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குச் சொன்னார்கள். கிட்டத்தட்ட அதே நேரத்தில் சவூதி விமானம் ஒன்றும் உள்ளழுத்தக் குறையைச் சொல்லியிருந்தது. போதாக்குறைக்கு, வானொலியில் தங்களை நைஜீரியா 2120 என்று சொல்ல வேண்டியவர்கள் நேஷன்ஏர் கனடா 2120 என்று சொல்லிக்கொண்டார்கள். கட்டுப்பாட்டாளர் சில நிமிடங்கள் ஒருவரை இன்னொருவர் என்று நினைத்து வழிசொன்னார். இருந்ததே பத்து நிமிடம்தான். ஒன்றன்பின் ஒன்றாக விளக்குகள் எரிந்தன. ஹைட்ராலிக் போனது. பின்பக்கம் புகை என்ற செய்தி வந்தது. விமானத்தைத் திருப்பினார்கள்.

ஓடுதளத்திலிருந்து 18 கிலோமீட்டர் தொலைவில், 2,200 அடி உயரத்தில், தீ தளத்தைத் தின்றுவிட்டது. சக்கரங்களை இறக்கும் நேரத்தில் இருக்கைகளும் மனிதர்களும் விமானத்திலிருந்து கீழே விழத் தொடங்கினார்கள். அதற்குப் பிறகும் விமானிகள் ஓடுதளத்தை நோக்கியே அதைக் கொண்டுவந்தார்கள். ஓடுதளம் தொட இன்னும் 2,875 மீட்டர் இருக்கும்போது விமானம் அவர்கள் கையை விட்டுப் போனது. 261 பேரும் இறந்தார்கள். டிசி-8 வகை விமானங்களின் வரலாற்றில் இதைவிடப் பெரிய விபத்து இல்லை. கனடாவின் விமான நிறுவனம் எதற்கும் இதைவிடப் பெரிய விபத்து நேர்ந்ததில்லை. நேஷன்ஏர் அதன்பின் நெடுநாள் ஓடவில்லை, 1993-இல் மூடப்பட்டது.

இரண்டாம் எண் டயரின் ஒரு பகுதி விமானத்தோடு எரிந்தது. இன்னொரு பகுதி, கிளம்பிய இடத்திலேயே, ஓடுதளத்தின்மேல் சிதறிக் கிடந்தது. கிழிந்த ரப்பர் பட்டைகள், சக்கரத்தின் உலோகச் சில்லுகள், தேய்த்த தடம். விசாரணையாளர்கள் அந்தத் தடத்தின் வழியே நடந்து, துண்டுகளைப் பொறுக்கி, எது எந்தச் சக்கரத்தினுடையது, எது முதலில் போனது, எது பிறகு போனது என்று பிரித்தெடுத்தார்கள். ஒன்றாம் எண் முதலில், இரண்டாம் எண் அடுத்து, காரணம் இரண்டாம் எண்ணில் இருந்த குறைவு. ரப்பர்த் துண்டுகளைக் கொண்டு அவ்வளவு தூரம் பின்னோக்கிப் போக முடிந்தது.

பணியாளர்கள் 14 பேரில் ஒன்பது பேரின் உடல்களை அடையாளம் கண்டார்கள். பயணிகள் 247 பேரில் எந்த உடல் யாருடையது என்று பார்க்கும் முயற்சியே நடக்கவில்லை.